மாத்தம்மாவும் மணவறையும்: பேசும் வயதுக்கு முன்னே ஒப்படைக்கப்படும் பெண் குழந்தைகள்



மறைந்த நம் முன்னோடிகள் முடிக்காமல் விட்டுச் சென்ற வேலைகள் எவை என்று கேட்டுக்கொள்வதற்காகவே ஆண்டுதோறும் இந்த நினைவுச் சொற்பொழிவுக்குக் கூடுகிறோம். அந்த வேலைகளில் ஒன்றை இந்த ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெண் குழந்தையைச் சாமிக்கு நேர்ந்துவிடுவதும், பள்ளிக்கூடம் போகிற வயதில் தாலி கட்டி அனுப்புவதும் நம் குடியிருப்புகளில் ஏன் இன்னும் நடக்கின்றன? சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? நாம் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுவதே இந்த உரை.

இந்தப் பொருளைத் தொடும்போது நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் வரும். நம் வீட்டுக் குறையை நாமே மேடையேற்றினால், "சேரியென்றால் இப்படித்தான்" என்று சொல்லக் காத்திருப்பவர்கள் கையில் கம்பைக் கொடுத்ததாக ஆகாதா என்ற தயக்கம். அது நியாயமானதுதான். இப்படிப்பட்ட வழக்கங்களை ஊடகங்கள் 'விசித்திரச் சடங்கு' என்று காட்டும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அந்தப் படத்தில் ஆடும் சிறுமி தெரிவாள். எட்டாத தூரத்தில் இருந்த மருத்துவமனை தெரியாது. பணம் கொடுத்து ஆடவைத்தவன் முகமும் தெரியாது. ஆனால் நாம் பேசாமல் இருந்தால் மட்டும் அந்தப் படம் மாறிவிடாது. நம் மௌனத்துக்கான விலையை நாம் கொடுப்பதில்லை, நம் பெண் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். ஆகவே நம் வாயால், நம் சொற்களில், யாரையும் இழிவுபடுத்தாமல் இதைப் பேசியாக வேண்டும்.

மாத்தம்மா என்னும் பெயர்

சென்ட்ரலில் புறப்படும் மின்சார ரயில் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகிறது. திருத்தணி வரை போகிற வண்டிகளும் உண்டு. தொழிற்பேட்டைக்கும் கட்டட வேலைக்கும் வருகிறவர்கள் தினமும் ஏறி இறங்கும் பாதை இது. இதே பாதை ஊடறுக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் சில பகுதிகளிலும், அதை ஒட்டிய பழைய வேலூர் மாவட்டத்திலும், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலும் அருந்ததியர் குடியிருப்புகளில் வழங்கிவரும் முறைக்குப் பெயர் மாத்தம்மா. அங்கே அம்மன் பெயரும் அதுதான். அம்மனுக்கு விடப்பட்ட பெண்ணையும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் மெல்ல மறைந்துபோகிறது.

முறை பெரும்பாலும் ஒரு காய்ச்சலில்தான் தொடங்குகிறது. பெண் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. அம்மையோ வலிப்போ, ஏதோ ஒன்று. ஆஸ்பத்திரி தூரம், கையில் காசில்லை, போன இடத்தில் மரியாதையில்லை. "பிள்ளை பிழைத்தால் உனக்கே விட்டுவிடுகிறேன், தாயே" என்று பெற்றவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். பிள்ளை பிழைத்துவிடுகிறாள். வேண்டுதல் கடனாக நிற்கிறது. திருவிழா நாளில் அவளை அலங்கரித்து, அம்மன் பெயரால் பொட்டுத்தாலி கட்டிவிடுகிறார்கள். அன்று முதல் அவள் வேறொருவரை மணக்கக் கூடாது. திருவிழாக்களில் ஆட வேண்டும். வளர்ந்த பிறகு, ஆண்கள் எந்தப் பொறுப்பும் ஏற்காமல் அவளுடன் உறவு கொள்ளலாம் என்பது ஊரறிந்த ரகசியமாகிறது. பிறக்கும் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் கிடைக்காது. பள்ளியில் சேர்க்கும்போதும் சான்றிதழ் கேட்கும்போதும் அந்த வெற்றிடம் அவர்களை வாட்டும். வயதானபின் அவளை ஆடக் கூப்பிடுவோரும் இல்லை, சோறு போடுவோரும் இல்லை.

2017 செப்டம்பரில் தேசிய மனித உரிமை ஆணையம், இந்த வழக்கம் தொடர்வதாக எழுந்த குற்றச்சாட்டுகளின் பேரில் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொட்டுக்கட்டுதலை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது என்பதை நினைவில் கொண்டால், எழுபது ஆண்டுகள் கழித்து அந்த நோட்டீஸ் வந்திருக்கிறது.

வட தமிழகத்தில் வழங்கும் ரேணுகை கதை நமக்கெல்லாம் தெரியும். முனிவரின் ஆணைப்படி மகன் தாயின் தலையை வெட்டுகிறான். அடைக்கலம் கொடுத்த சேரிப் பெண்ணும் சேர்த்து வெட்டுப்படுகிறாள். உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிப்போகின்றன. முனிவர் மனைவியின் தலையும் சேரிப் பெண்ணின் உடலும் சேர்ந்து அம்மனாகிறது என்பது அந்தக் கதையின் ஒரு வடிவம். கதையில் வணக்கத்துக்குரிய தலை மேல்சாதிக்கு, வெட்டுப்பட்ட உடல் சேரிக்கு. மாத்தம்மா முறை அந்தப் பங்கீட்டை நடைமுறையில் வைத்திருக்கிறது. அம்மன் என்று கும்பிடும் அதே ஊர், அம்மன் பெயரைத் தாங்கும் பெண்ணின் உடலைப் பொதுச்சொத்தாக நடத்துகிறது.

இமையத்தின் 'செடல்' நாவலைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. செல்லியம்மனுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட ஒரு சிறுமியின் வாழ்க்கைதான் 2006-இல் வந்த அந்நாவல். பொட்டுக்கட்டுதல் என்றால் பெருங்கோயில் மண்டபமும் சதிராட்டமும் என்று மட்டுமே நினைத்திருந்த தமிழ் வாசகருக்கு, சேரியிலும் கூத்து மேடையிலும் அதன் இன்னொரு முகம் இருந்ததை நம் இலக்கியம்தான் காட்டியது.

சட்டம் பார்த்த கோயில், பார்க்காத சேரி

முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். அவரும், அந்த முறைக்குள் பிறந்து அதை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பட்ட வசவுகள் கொஞ்சமல்ல. இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலையே எழுதினார். அவர்கள் இல்லாமல் 1947-இன் சட்டம் இல்லை. அந்த நன்றியோடுதான் அடுத்த வார்த்தையைச் சொல்கிறோம்.

அந்த விவாதங்களின் கண்ணெல்லாம் கோயில் மீதிருந்தது. 1929-இல் அறநிலையச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், தேவதாசிகள் அனுபவித்த மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து பிரித்து அவர்களுக்கே விட்டது. முறையை விட்டு வெளியே வருகிற பெண்ணுக்குக் காலூன்ற ஒரு துண்டு நிலமாவது வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது. அது சரியான புரிதல். ஆனால் மாத்தம்மாவுக்கு மானியம் ஏது? அவளுடைய அம்மன் குடியிருப்பது பெரும்பாலும் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அல்லது சின்னக் கட்டடத்தில். அங்கே பதிவேடு இல்லை, தர்மகர்த்தா இல்லை, நிலமும் இல்லை. 1947-இன் சட்டம் எந்தத் தெய்வத்துக்கும் எந்த வழிபாட்டுப் பொருளுக்கும் பெண்ணை விடுவதைக் குற்றமாக்கியது. விடப்பட்ட பெண் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்றும் அறிவித்தது. எழுத்தளவில் மாத்தம்மாவும் அதற்குள் அடக்கம். எழுத்துக்குள் வந்தவள் ஏட்டுக்கு வெளியே நின்றாள், அவ்வளவுதான்.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. சடங்கைத் தடுப்பது பாதி வேலை. சடங்கு எந்த அச்சத்துக்குப் பதிலாக வந்ததோ, அந்த அச்சத்துக்கு வேறு பதில் கொடுப்பது மீதிப் பாதி.

மணவறை ஏன் அவசரப்படுகிறது

இளவயது மணத்துக்கு வருவோம். முதல் பார்வைக்கு இது மாத்தம்மாவுக்கு நேர் எதிரானது. அங்கே பெண்ணுக்கு மணமே கிடையாது. இங்கே அவள் கேட்காமலே மணம் வந்துவிடுகிறது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வேலையைச் செய்வது தெரியும்: "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் வயதுக்கு அவள் வருவதற்கு முன்பே அவளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது.

இதன் வேரை அண்ணல் அம்பேத்கர் தம் இருபத்தைந்தாவது வயதிலேயே தோண்டிக் காட்டிவிட்டார். 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் படித்த 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையின் வாதம் இதுதான். சாதியின் உயிர்நாடி அகமணமுறை. சாதிக்குள்ளேயே மணம் நடக்க வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் மிஞ்சுகிறாள். அவள் சாதிக்கு வெளியே போய்விடுவாளோ என்ற பயத்தில் ஒன்று அவளை எரித்தார்கள், அல்லது விதவையாக அடைத்துவைத்தார்கள். மனைவி இறந்தால் ஓர் ஆண் மிஞ்சுகிறான். அவனை எரிக்க முடியாது. அவனுக்குப் பெண் தேட, இன்னும் மணவயதுக்கு வராத சிறுமிகளின் பக்கம் போனார்கள். உடன்கட்டையும் விதவைக் கோலமும் குழந்தை மணமும் சாதி தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய மூன்று மதில்கள் என்பது அவர் கண்ட உண்மை. மேல்சாதியின் இந்தப் பழக்கங்களை மற்றவர்கள் பார்த்துப் படிப்பதன் வழியாகச் சாதி கீழே இறங்கியது என்றும் அவர் காட்டினார்.

இந்த விளக்கத்தை நம் குடியிருப்போடு பொருத்திப் பாருங்கள். கணவனை இழந்தவள் மறுமணம் செய்துகொள்ளும் 'அறுத்துக் கட்டும்' வழக்கம் உழைக்கும் சாதிகள் பலவற்றில் இருந்தது. அதை இழிவு என்று மேலே உள்ளவர்கள் சொன்னார்கள். நாம் வெட்கப்பட்டு ஒளித்தோம். அவர்களுடைய குழந்தை மணத்தை 'மானம்' என்றார்கள். அதை நாம் எடுத்துக்கொண்டோம். மாமன் மகன் உரிமை, தாய்மாமன் உரிமை என்ற பெயரில் பெண் பிறந்த அன்றே பேசி வைப்பதும் அதே மதிலின் ஒரு கல்தான்.

இன்று அந்த மதிலுக்குப் புதுப் பூச்சு அடித்திருப்பது காதல் பற்றிய பயம். பெண் பன்னிரண்டாம் வகுப்பு போனால் யாரையாவது விரும்பிவிடுவாள், வேறு சாதிக்காரனாக இருந்தால் வெட்டுக்குத்தில் முடியும் என்று பெற்றவர்கள் நடுங்குகிறார்கள். ஆணவக் கொலைகள் நடக்கும் நாட்டில் அந்தப் பயத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கொலைகாரன் மீதான பயத்துக்கான தண்டனையை மகள் ஏன் அனுபவிக்க வேண்டும்?

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நடப்பது

நம் பகுதி நகரம்தானே, இங்கே இதெல்லாம் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21-இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 12.8 பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். முந்தைய சுற்றில், 2015-16-இல், அது 16.3. குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனாலும் எட்டுப் பெண்களில் ஒருவர் என்பது சின்ன எண்ணிக்கையா?

1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. வேலை தேடி வந்தவர்கள் லைன் வீடுகளில் ஒண்டினார்கள். அம்மாவும் அப்பாவும் விடிந்தால் வேலைக்குப் போகிற வீட்டில், பள்ளி விட்டு வரும் பெண் பிள்ளை மாலை வரை தனியாக இருக்கிறாள். பொதுக் கழிப்பறை தெருக்கோடியில். "வயசுக்கு வந்த பெண்ணை எத்தனை நாள் இப்படிக் காவல் காப்பது?" என்ற கேள்வியில் தொடங்குகிறது மாப்பிள்ளை தேடல். திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்களையும், ஒடிசாவிலிருந்து சூளைக்கு வரும் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். கதவில்லாத குடிசையில் மகளுக்கு அவர்கள் தேடும் ஒரே கதவு புருஷன்.

அந்தத் தேடலுக்கு முதல் அறிவிப்பு மஞ்சள் நீராட்டு விழா. பருவமடைந்த சிறுமியின் படத்தை ஆளுயரப் பேனராகத் தெருமுனையில் கட்டுகிறோம். தாய்மாமன் சீர், மொய் நோட்டு, ஒலிபெருக்கி. வைத்த மொய்யைத் திரும்ப வாங்க வேண்டும் என்பதற்காகவே கடன் வாங்கி நடத்துகிறவர்கள் உண்டு. அவள் உடம்பில் நடந்த ஒன்று தெருவுக்கே செய்தியாகிறது. மறுநாள் வகுப்புக்குப் போக அவள் கூசுகிறாள். "பெண் ரெடி" என்பதைத்தான் அந்தப் பேனர் சொல்கிறது என்பது கட்டுகிற நமக்கும் தெரியும்.

தீட்டு என்று தனியே வைப்பதும் இதன் இன்னொரு பகுதி. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பருவமடைந்ததால் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து இறந்துபோனாள். அந்தச் சாவைப் புயலின் கணக்கில் மட்டும் எழுத முடியுமா?

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் 2021 செப்டம்பரிலும், அதற்குக் கீழே நவம்பரிலும்தான் முழுமையாகத் திறந்தன. ஒன்றரை ஆண்டு. பள்ளி இருந்தவரை ஒரு பெண் வராவிட்டால் டீச்சர் கேட்பார். பள்ளி மூடியதும் கேட்க ஆளில்லை. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பாடம் சொல்லும் இடம் மட்டுமல்ல, அவளை ஒருவர் தினமும் எண்ணிப் பார்க்கும் இடமும் அதுவே என்பதை அந்தக் காலம் நமக்குக் காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது

1929-இன் சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்ச மணவயதை 14 ஆக்கியது. 1978-இல் அது 18 ஆனது, ஆணுக்கு 21. இன்று நடைமுறையில் இருப்பது 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். அதில் நம் மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

குழந்தைத் திருமணத்தை நடத்துபவருக்கும், ஏற்பாடு செய்பவருக்கும், தடுக்கத் தவறிய பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது. திருமணம் நடக்கப்போவது தெரிந்தால் மாஜிஸ்திரேட் தடையாணை போடலாம். அந்த ஆணையை மீறி நடக்கும் திருமணம் செல்லவே செல்லாது. ஆணை இல்லாமல் நடந்துவிட்ட குழந்தைத் திருமணத்தை, மணமான பெண் விரும்பினால் நீதிமன்றம் மூலம் ரத்து செய்துகொள்ளலாம். 18 வயது முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை, அதாவது 20 வயது வரை அவளுக்கு அந்த உரிமை உண்டு. ரத்தானாலும் அவளுக்கு ஜீவனாம்சமும் தங்க இடமும் கேட்கும் உரிமை உண்டு. பிறந்த குழந்தை சட்டப்படியான குழந்தையே. "தாலி ஏறிவிட்டது, இனி என்ன செய்ய?" என்று கைவிட வேண்டியதில்லை என்பதைத்தான் இவை சொல்கின்றன.

2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 18 வயது நிரம்பாத மனைவியோடு கொள்ளும் உடலுறவும் வன்புணர்ச்சியே என்று தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அதிகாரிகளுக்கு வேறு பணிகளைச் சுமத்தாமல் அதற்கென்றே அவர்களை நியமிக்க வேண்டும் என்பது உட்பட விரிவான வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்டச் சமூக நல அலுவலரிடம் இருக்கிறது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அது திருவள்ளூரில். 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்ட அம்பத்தூருக்குச் சென்னையில். யாருக்கு எந்த அலுவலகம் என்று குழம்ப வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லோருக்கும் ஒன்றே. சொல்கிறவர் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்துக்கு இன்னொரு முனையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. போக்சோ சட்டம் குழந்தைகளைக் காக்க வந்தது. ஆனால் தம் பெண்ணை விரும்பிய தலித் இளைஞனை உள்ளே தள்ளவும் ஆதிக்கச் சாதிப் பெற்றோர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவத்தினருக்கு இடையிலான விருப்பத்தைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமல்ல என்று சுட்டியது. இன்னொரு பக்கம், கருவுற்ற இளம்பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் போலீஸ் வருமே என்று பயந்து, வீட்டு வைத்தியத்தில் அவள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். ஆகவே கைதுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் பெண் குழந்தைகளின் பாதுகாப்பை அளக்க நாம் சம்மதிக்க முடியாது.

மறுநாள் காலை

திருமணம் நிறுத்தப்படும் காட்சியை நாம் அறிவோம். தகவல் போகிறது, அதிகாரிகள் வருகிறார்கள், பந்தல் பிரிக்கப்படுகிறது. "18 முடியும்வரை செய்ய மாட்டோம்" என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள். செய்தி வெளியாகிறது. மறுநாள் காலை அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்? பத்திரிகை அடித்த கடன், மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம், உறவினர் ஏச்சு எல்லாம் அவள் தலையில். சில மாதங்கள் கழித்து வேறு ஊர்க் கோயிலில், ஆளில்லாமல், அதே தாலி ஏறுகிறது. நாம் காக்க வேண்டியது அந்த மறுநாளை.

1936 ஜூனில் பம்பாயில், காமாட்டிபுராவின் பெண்களும் தேவதாசிகளும் ஜோகினிகளும் கூடிய கூட்டத்தில் அம்பேத்கர் பேசினார். அந்த வாழ்வை விட்டு வெளியே வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள், அதை நான் சொல்லப்போவதில்லை, வழிகள் நூற்றுக்கணக்கில் உண்டு என்றும் சொன்னார். 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஆயிரக்கணக்கான ஒடுக்கப்பட்ட பெண்களிடம், பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு மணமுடிக்காதீர்கள், மணம் ஒரு சுமை என்று எச்சரித்தார். அவர் விட்டுச்சென்ற வேலை இங்கேதான் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் உண்டு என்றாரே, அந்த வழிகளைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்ட வேண்டியது நம் தலைமுறையின் கடமை.

ஒரு வழியின் வரலாற்றைப் பாருங்கள். 1989-இல் தமிழ்நாடு அரசு இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. குறிப்பிட்ட வகுப்பு வரை படித்து, 18 வயது முடிந்த பெண்ணுக்கே உதவி என்ற நிபந்தனை பல பெண்களைப் பள்ளியில் இன்னும் சில ஆண்டுகள் இருக்கவைத்தது. 2011-இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பொட்டுத்தாலியை எதிர்த்த அம்மையார் பெயரில் அரசே தாலிக்குத் தங்கம் கொடுத்தது ஒரு வேடிக்கைதான். 2022 செப்டம்பர் 5 முதல் அந்தத் திட்டம் 'புதுமைப் பெண்' ஆனது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்கிறது. கல்யாணத்துக்கென்று வந்த பணம் படிப்புக்கென்று மாறியது. தொகை போதுமா என்று வாதாடலாம், வாதாடுவோம். ஆனால் திசை சரி. பெண்ணுக்கான உத்தரவாதம் புருஷனிடமிருந்து அவள் கைக்கே நகர்கிறது.

சாமி விஷயத்தில் என்ன செய்வது? கானா நாட்டில் 'திரோகோசி' என்றொரு முறை உண்டு. குடும்பத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்கு ஈடாகச் சிறுமியை ஒரு தெய்வத்தின் பூசாரியிடம் அடிமையாக விடுவது. 1998-இல் அந்நாடு அதைக் குற்றமாக்கியது. சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பூசாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். பெண்ணுக்குப் பதிலாக மாடும் பணமும் கொடுத்துக் கடனைத் தீர்த்து, ஊர் பார்க்க விடுதலைச் சடங்கு நடத்தினார்கள். வெளியே வந்த பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள்.

நமக்கும் இது முடியாததல்ல. ஆடி மாதம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறோம். மொட்டை போடுகிறோம், பொங்கல் வைக்கிறோம். வேண்டுதலைத் தீர்க்க நம் அம்மன்களுக்கு எத்தனையோ வழி உண்டு. "ஆத்தா பிள்ளையைக் கேட்கவில்லை, கூழைத்தான் கேட்டாள்" என்று குடியிருப்பின் பெரியவர்கள் திருவிழா நாளில் எல்லோர் முன்னும் சொல்லட்டும். அந்தச் சொல்லுக்கு வெளியிலிருந்து வரும் எந்த அதிகாரியின் சொல்லையும்விடக் கனம் அதிகம். கூடவே, ஏற்கெனவே விடப்பட்ட பெண்களுக்கு வீட்டுமனை, ஓய்வூதியம், பிள்ளைகளுக்குத் தாயின் பெயரிலேயே எல்லாச் சான்றிதழும் வேண்டும் என்று அரசிடம் கேட்போம். 1929-இல் கோயில் தாசிக்கு நிலம் கொடுக்கத் தெரிந்த சட்டத்துக்கு, சேரியின் மாத்தம்மாவுக்குக் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

கடைசியாக, நம் கையிலேயே இருக்கும் வேலை. ஒவ்வொரு குடியிருப்பிலும் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளின் பெயர்களை, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், நம் படிப்பகத் தோழர்கள் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பள்ளிக்கு வராத பெண்ணின் வீட்டுக்கு, கேள்வி கேட்கும் தோரணையில் இல்லாமல், என்ன உதவி வேண்டும் என்று கேட்டுப் பெண் தோழர்கள் போகட்டும். காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரிக்கு உடன் போவோம். தனியாக இருக்கப் பயமென்றால் மாலை நேரப் படிப்பகத்தை அம்மா வேலை விட்டு வரும்வரை திறந்துவைப்போம். விடுதி வேண்டுமென்றால் ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் வாங்கித் தருவோம். எதற்கும் மசியாமல் பந்தல் போடுகிறார்களென்றால் 1098-ஐ அழைப்போம். அழைத்த பிறகும் அந்தப் பெண்ணின் மறுநாளுக்கு நாமே பொறுப்பு.

மொய் நோட்டில் யார் எவ்வளவு வைத்தார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த மக்கள் நாம். இந்த நோட்டையும் நம்மால் எழுத முடியும்.